மேசையை விட்டவர், கடையை விடாதவர்

தமிழின் இரண்டு பெரிய எழுத்தாளர்கள் 1931இல் பிறந்தார்கள், அசோகமித்திரனும் சுந்தர ராமசாமியும். 1966இல் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தர ராமசாமிக்கு அதே ஆண்டில் முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ புத்தகமாக வந்தது. அவர் கடையை விடவில்லை. முதலாமவர் துணிந்தவர், இரண்டாமவர் தயங்கியவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் எழுதியதைப் படித்தவர்களுக்கு அது அத்தனை சுலபமாக இருக்காது.

எழுத்தை நம்பி வாழ்வதென்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல், நாற்பத்திரண்டு வயதில், காசநோயில் இறந்தார். பத்திரிகை வேலை, சினிமா வசனம், சொந்தப் படம் எடுக்கும் முயற்சி எல்லாவற்றையும் அவர் பார்த்தாகிவிட்டிருந்தது, எதுவும் கைகொடுக்கவில்லை. அவர் நினைவாக 1951இல் ஒரு மலர் கொண்டுவந்தவர் இருபது வயது சுந்தர ராமசாமி. அவருடைய முதல் கதையும் அதில்தான் வந்தது. எழுத நுழைந்த வாசலிலேயே இப்படியொரு சாவைப் பார்த்தவர் கடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அசோகமித்திரனுக்குப் பிடித்துக்கொள்ளக் கடை எதுவும் இல்லை. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன். அப்பா இறந்த பிறகு, அப்பாவின் நண்பரும் ஜெமினியின் அதிபருமான எஸ். எஸ். வாசன் அழைத்ததால் 1952இல் சென்னைக்கு வந்தார். ஜெமினியில் அவருக்குக் கிடைத்த முக்கிய வேலை, செய்தித்தாள்களிலிருந்து வேண்டிய செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. நாளெல்லாம் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே தோன்றும்? அப்படி நினைத்து அறைக்குள் வந்து தனக்கு உபதேசம் செய்தவர்களைப் பற்றி அவரே பின்னால் ஜெமினி நினைவுகளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வேடிக்கைதான். ஆனாலும் பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, அதிலிருந்து எழுந்திருக்கும் பயத்தைவிட அதிலேயே இருந்துவிடும் பயம் பெரிதாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வேலையை விட்டதும் பயம் போய்விட்டதா? குடும்பம் இருந்தது, மாதச் சம்பளம் இல்லை. ‘கணையாழி’யில் பல வருடம் ஆசிரியர் வேலை பார்த்தார், சிற்றிதழ் ஆசிரியருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் கட்டுரை எழுதினார். பயம் அவருடைய கதைகளுக்குள் குடிபுகுந்துகொண்டது. ‘தண்ணீர்’ நாவலில் குழாயில் நீர் வருமா வராதா என்பதே ஒரு தெருவின் முழுக் கவலை. ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை அவர் விவரிக்கிற நிதானத்தில், நாளைக்கு என்ன செய்வது என்ற கேள்வியோடு வருஷக்கணக்காக வாழ்ந்த ஒருவரின் குரல் கேட்கிறது. சினிமாவின் பளபளப்புக்குப் பின்னால் நசுங்கும் சிப்பந்திகளை வைத்து ‘கரைந்த நிழல்கள்’ எழுதியதும் ஜெமினியை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

சுந்தர ராமசாமியின் பயம் வேறு. சின்ன வயதில் நோயால் பள்ளிப் படிப்பு நின்றது. தமிழ் எழுதப் படிக்கவே பதினெட்டு வயதை ஒட்டித்தான் கற்றுக்கொண்டார். அப்பா கண்டிப்பானவர், வியாபாரி. ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் சிறுவன் பாலு தன் அப்பா எஸ். ஆர். எஸ்ஸின் முன்னால் ஒடுங்கிப்போவதைப் படித்தால், பசியை நினைத்து வருகிற பயத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை என்று புரியும். அந்த நாவல் வந்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. அந்தப் பயத்தை நாவலாக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கடை அவருக்கு இரண்டு விதத்தில் உதவியது. முதலாவது, பஜார். புளியமரத்தடியில் நடக்கும் வியாபாரப் போட்டி, காதரும் தாமுவும் முட்டிக்கொள்வது, அது நகரசபைத் தேர்தல்வரை போவது, இதையெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவரால்தான் அவ்வளவு எகத்தாளமாக எழுத முடியும். இரண்டாவது உதவியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுதாமல் இருக்கிற வசதி அது. முதல் நாவலுக்குப் பின் ஏறக்குறைய ஏழு வருடம் அவர் எதுவும் எழுதவில்லை. அடுத்த நாவல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல்தான் வந்தது. அந்தப் பதினைந்து வருடத்துக்குள் அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ போன்ற நாவல்களை எழுதிவிட்டார், சிறுகதைகள் தனி.

சுந்தர ராமசாமி வாழ்நாளில் எழுதிய நாவல்களே மூன்றுதான். அவர் வாக்கியங்கள் செதுக்கியவை, சில இடங்களில் செதுக்கிய உளியின் தடமும் தெரியும். அசோகமித்திரனின் வாக்கியத்தில் அலங்காரமே கிடையாது. இந்த வித்தியாசத்துக்கு வருமானம்தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். சுபாவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் எனக்குத் தோன்றுவது இது: மௌனமாக இருக்கும் துணிச்சல் கடை வைத்திருந்தவருக்குத்தான் வாய்த்தது. எல்லாவற்றையும் துறந்து வந்தவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக அந்த நிர்ப்பந்தம் அவரைக் கெடுக்கவில்லை. அவர் காலத்திலேயே அப்படிக் கெட்டுப்போன முழுநேர எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது.

1988இல் சுந்தர ராமசாமி ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கினார். சில இதழ்களோடு நின்றுபோனதை 1994இல் அவர் மகன் மீண்டும் கொண்டுவந்தார். பிறகு அது பதிப்பகமாகவும் வளர்ந்தது. சம்பளத்தை விட்டுவிட்டு அசோகமித்திரன் எழுதிய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ இன்று அந்தப் பதிப்பகத்தின் வெளியீடாகக் கிடைக்கிறது.