காலயந்திரம் நிற்க வேண்டிய வருஷம்

ரங்கூன் தமிழர் வீடுகளில் பழங்கதை எடுத்தால், "ஜப்பான்காரன் மட்டும் வராம இருந்திருந்தா" என்றுதான் ஆரம்பிக்கும். பர்மாவின் வரலாறு வேறு பாதையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காலப்பயண நாவல் எழுதக் கிளம்பிய என் அக்கா மகனும் அதே வழியில்தான் போனான். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் முதல் குண்டு விழுந்த நாளில் கதாநாயகனை இறக்கப் பார்த்தான். "ரொம்பத் தாமதம் மாப்பிள்ளை. 1932 நவம்பருக்குப் போ" என்றேன்.

அந்த மாதம் இங்கே சட்டசபைத் தேர்தல். பர்மா அப்போது இந்தியாவில் ஒரு மாகாணம். இந்தியாவோடு இருப்பதா, பிரிவதா என்பதே கேள்வி. பிரிவினையை எதிர்த்தவர்கள் 42 இடம் பிடித்தார்கள், கேட்டவர்கள் 29, எந்தப் பக்கமும் சேராதவர்கள் 9. அதாவது, பிரிய வேண்டாம் என்ற கட்சி ஜெயித்தது! இன்றைக்கு இங்கே இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நம்மேல் ஆசைப்பட்டு அவர்கள் எதிர்க்கவில்லை. தனியாகப் போனால் இந்தியாவுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த அதிகாரத்தைக் கொடுத்து வெள்ளைக்காரன் ஏமாற்றிவிடுவான் என்ற பயம்தான். சேர்கிறோம், வேண்டும்போது விலகுகிறோம் என்றார்கள். சேர்ந்தால் நிரந்தரம் என்றது லண்டன். சட்டசபை குழம்பி நிற்க, லண்டனே முடிவு செய்தது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிந்தது. பிரிவினையை எதிர்த்த டாக்டர் பா மாவ்தான் பிரிந்த பர்மாவின் முதல் பிரதமர். நாவலாசிரியன் இப்படி எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

எதிர்ப்பாளர்களுக்கு இந்திய வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள் என்ற பழி அப்போதே எழுந்தது. பணம் இருந்த இடம் மொகல் தெரு. இன்றைய ஷ்வே பொந்தா தெரு. என் தாத்தா அங்கே ஒரு செட்டியார் கிட்டங்கியில் அடுத்தாள், அதாவது உதவியாள். நீளக் கூடம், வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்கு முன்னால் பாய். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வட்டிக்கடை. பகலில் அந்தப் பாயில் லட்சங்கள் கைமாறும், ராத்திரி அதன் மேலேயே படுக்கை. 1931 கணக்குப்படி ரங்கூனின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியருக்கும் மூண்ட கலவரத்தில் ரத்தம் ஓடியிருந்தது. நெல் விலையும் அந்த வருஷம்தான் விழுந்தது. கடனுக்கு ஈடாக வந்த வயலை வாங்க ஆளில்லை. கீழ்பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில். 1938இல் 25 சதவீதம். வேண்டித் தேடிய நிலம் இல்லை. ஆனால் வயலை இழந்தவனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

"அப்போ, பிரியாம இருந்திருந்தா நம்ம நிலம் நமக்கே இருந்திருக்குமா மாமா?"

இருந்திருக்காது. சொந்த ஊர்ச் சென்னை மாகாணத்திலேயே ராஜாஜி மந்திரிசபை 1938இல் விவசாயிகளின் கடனைக் குறைத்துச் சட்டம் போட்டது. பர்மியர் ஆளும் மாகாணம் அதைவிடக் கடுமையாகத்தான் போட்டிருக்கும். ஜப்பானியக் குண்டும் விழுந்திருக்கும். இங்கே 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்து இந்தியாவுக்கு நடந்திருப்பார்.

மாறியிருக்கக்கூடியது காகிதம். மாகாணம் விட்டு மாகாணம் வந்து பிழைத்தவன் 1937இல் வேறு நாட்டுக்காரன் ஆனான். யாரும் அன்று அவன் கதவைத் தட்டவில்லை, தட்டியது 1964இல். அந்த வருஷம் கடைகள் அரசுடைமை ஆயின, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின, கப்பல் கப்பலாக ஜனம் சென்னைக்குப் போனது. மிஞ்சிய பலருக்கு எஃப்.ஆர்.சி. என்ற அந்நியர் பதிவுச் சீட்டு. பிறகு 1982 குடியுரிமைச் சட்டம் வந்து குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. விலகும் உரிமையோடு பர்மா சேர்ந்திருந்தால் என்றோ ஒருநாள் விலகியிருக்கும்; சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து பேசித்தான் விலகியிருக்க வேண்டும். இங்கே குடியிருப்பவன் யார் என்ற கேள்விக்கு மேஜையில் ஒரு பதில் எழுதப்பட்டிருக்கும்.

மருமகன் 1932க்குச் சம்மதித்துவிட்டான். தேர்தலுக்குப் பணம் போன கதையை எப்படி எழுதுவது என்பதில்தான் முட்டி நிற்கிறான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் ரங்கூன் பேரேடு ஏதாவது கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். 1932 கார்த்திகைப் பற்று வரவை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.