படகுப் பொறி எண்ணெய்

படகுப் பொறி எண்ணெய் என்பது படகுப் பொறிகளின் அசையும் பாகங்களில் உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் உயவுப்பொருள் ஆகும். தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும் சாலை ஊர்திகளுக்கான எண்ணெய் இதற்கு மாற்றாகாது.

படகின் பின்புறம் பொருத்தப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களில் இருவீச்சு வகையில் எண்ணெய் பெட்ரோலுடன் கலந்து எரிந்துவிடுகிறது. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் பொறி மிகுந்த வெப்பத்தில் இயங்குவது. அதற்கான எண்ணெயில் சாம்பல் தரும் உலோகச் சேர்க்கைகள் இருக்கலாம். படகுப் பொறியோ கடல்நீரை அல்லது ஆற்றுநீரை உறிஞ்சிக் குளிர்வது. இதில் அச்சாம்பல் உந்துதண்டின் தலையிலும் தீப்பொறிச் செருகியிலும் படியும். படிவு கனன்று எரிபொருளை உரிய நேரத்திற்கு முன்பே பற்றவைத்தால் உந்துதண்டு ஓட்டையாகலாம். நடுக்கடலில் இதைச் சரிசெய்ய இயலாது. எனவே சாம்பலற்ற எண்ணெய்களுக்கு அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் டிசி-டபிள்யூ3 என்னும் தரச்சான்று வழங்குகிறது. எண்ணெயின் நீலமோ பச்சையோ வெறும் சாயமே, தரத்தின் அடையாளமன்று.

பரவலான கலப்பு விகிதம் 50:1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர். புதிய பொறிக்குத் தொடக்கத்தில் இதனினும் கூடுதலாகத் தேவைப்படும். பொறியின் கையேடு கூறும் விகிதமே இறுதியானது.

நால்வீச்சுப் பொறியில் எண்ணெய் எரிவதில்லை. அடித்தொட்டியில் தங்கிச் சுழல்கிறது. இதற்குரிய எஃப்சி-டபிள்யூ சான்றில் துருத்தடுப்புச் சோதனையும் அடங்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். அடிப்பகுதியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

எரிபொருளில் கலக்கும் நீரைத் தடுக்க நீர்பிரி வடிகட்டி பயன்படுகிறது. பெட்ரோலினும் அடர்த்தி மிகுந்த நீர் அதன் கிண்ணத்தின் அடியில் தங்குவதால் அவ்வப்போது வெளியேற்றப்பட வேண்டும்.