சிக்ஷையும் சிட்சையும்

தில்லிக்குப் புதிதாக வந்திருந்த என் அத்தையார், என் மகன் பயிலும் பள்ளியின் பெயர்ப்பலகையை நான் வாசித்துக் காட்டக் கேட்டுத் திடுக்கிட்டார். “குழந்தைக்குச் சிட்சையா?” என்றார். பலகையில் இருந்த சொல் ‘சிக்ஷா’. ஹிந்தியிலும் வங்காளத்திலும் அது கல்வி.

அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய தடுமாற்றம் புதிதன்று. எனினும் அத்தையார் பிழைபட்டார் என்று சொல்ல, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு மனம் வரவில்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் அச்சொல் தண்டனையையே பெரிதும் குறிக்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலையில் நீங்கும்வரை, மலையாளத்தில் அதன் பெயர் ‘இந்தியன் சிக்ஷாநியமம்’. மராத்தியர் சாமர்த்தியசாலிகள், ‘சிக்ஷண்’ கல்வி, ‘சிக்ஷா’ தண்டனை என்று பங்கிட்டுக்கொண்டனர்.

மூலம் வடமொழி. ‘சக்’ என்னும் வினையடி இயலுதலைக் குறிப்பது. அதன் விழைவு வடிவமே ‘சிக்ஷ்’. இயலவேண்டும் என விழைதல், ஆதலின் கற்றல். வேதாங்கங்கள் ஆறனுள் சிக்ஷை என்பது ஒலிகளைப் பிழையின்றி உச்சரிக்கப் பயிற்றும் நூல். பிரம்பு அங்கே இல்லை. கற்பித்தல் திருத்துதலாகி, திருத்துதல் தண்டித்தலாயிற்று என்று கொள்வதே பொருந்தும்.

தமிழ் இரண்டையும் கைவிடவில்லை. சங்கீத மாணாக்கர் குருவிடம் பெறுவது சிட்சை. பழைய தமிழ் வேதாகமத்தில் தகப்பன் மகனைக் கண்டித்து ஒழுங்குபடுத்துவதும் சிட்சை.

இவ்வளவையும் அத்தையாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “இருக்கட்டும், எதற்கும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை” என்றார்.