யார் முடித்தார், யார் தொடங்கினார்?

ஆபீஸ் பிரிண்டரில் எப்போதாவது ஒரு தாள் அநாதையாக வந்து விழும். கிட்டத்தட்ட காலி. உச்சியில் மட்டும் ஒரு சதவீதக் குறி, மைனஸ், 12345, கடைசியில் எக்ஸ். கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவோம். ஆனால் உங்கள் லோன் விண்ணப்பமும் பக்கத்து ஸீட்காரரின் சம்பளப் பட்டியலும் கலக்காமல் தனித்தனியாக வருகின்றனவே, அதற்குக் காவல் நிற்பவற்றில் இதுவும் ஒன்று.

பிரிண்டருக்குக் கண் கிடையாது. ஒயரில் வரிசையாக வரும் எண்கள்தான் அதற்குத் தெரியும். எது எழுத்து, எது கட்டளை?

1960-ல் ஐ.பி.எம்.மில் இருந்த பாப் பீமர் இதற்கு ஒரு வழி சொன்னார். 'எஸ்கேப்' என்று ஒரு குறி. அது வந்தால், அடுத்து வருவதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாதே, வேறு அர்த்தம் என்று பொருள். 1963-ல் வந்த ஆஸ்கி பட்டியலில் அதற்கும் இடம் கிடைத்தது. இன்று அதன் எண் 27. உங்கள் கீபோர்டின் மூலையில் இருக்கிறதே, அதேதான்!

1984-ல் ஹெச்.பி. கம்பெனியின் முதல் லேஸர்ஜெட் வந்தது. விலை 3,495 டாலர். எஸ்கேப், அதன்பின் ஓர் 'ஈ' அனுப்பினால் போதும், பழைய கட்டளைகளை மறந்துவிடும். அனுப்பாவிட்டால்? முன்னவர் படுக்கைவாட்டில் அடித்திருந்தால் உங்கள் கடிதமும் படுத்துக்கொண்டே வரும்.

1985-ல் வந்த ஆப்பிள் லேஸர்ரைட்டர் பேசியது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறு பாஷை. ஸீரியல் ஒயரில் அதற்கு 'வேலை முடிந்தது' என்று சொல்ல எண் 4. இதில் ஒரு சங்கடம். படத்தின் தகவலுக்குள்ளேயே ஒரு 4 தற்செயலாக வந்தால் பிரிண்டர் பாதியில் கடையை மூடிவிடும்! அதனால் படங்களை வேறு வடிவில், சில சமயம் இரண்டு மடங்கு நீளத்தில், மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

1991-ல் லேஸர்ஜெட் த்ரீ எஸ்ஐ. நிமிடத்துக்கு 17 பக்கம், நெட்வொர்க்கில் பல பேருக்குப் பொது. அப்போதுதான் நம் 12345 வந்தது. எஸ்கேப்பையும் சேர்த்து மொத்தம் ஒன்பதே குறிகள். சாதாரணக் கடிதத்தில் தப்பித்தவறிக்கூட வராத கூட்டணி. எந்த பாஷையில் பேசிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வா என்று அர்த்தம். புரியாத பிரிண்டர் இதை எழுத்தென்று நினைத்து அச்சடித்ததுதான் அந்த அநாதைத் தாள்.

கவனியுங்கள், இதை வேலையின் முடிவில் மட்டுமல்ல, தொடக்கத்திலும் அனுப்புகிறார்கள். ஏன்? முன்னவர் பாதியில் ஓடிப்போயிருக்கலாம். இலையைக் கழுவித்தான் போட்டிருப்பார்கள்; இருந்தாலும் நாமும் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்கிறோம் இல்லையா, அது மாதிரி.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'பத்தாயிரம் எண்கள் படம் வருகிறது' என்று சொல்லிவிட்டு முன்னவர் நடுவில் கேன்சல் செய்தால், பிரிண்டர் மிச்ச எண்ணிக்கைக்காகக் காத்திருந்து உங்கள் 12345-ஐயும் படமென்று விழுங்கிவிடலாம். அப்புறம் பக்கம் பக்கமாகக் கிறுக்கல்தான்.

அடுத்த முறை கேன்சல் பட்டனை அழுத்தும்போது, பின்னால் ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்பது ஞாபகம் இருக்கட்டும்.