நண்டு நரம்பும் ஜீவனிப் பக்கற்றும்

நண்டு எண்டவுடன் எங்கட ஆக்களுக்கு ஒடியற்கூழ்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இதே டென்மார்க்கில் நண்டின் நரம்பை ஆராய்ந்து ஒருவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார் என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹ்விடோவ்ரேயில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது உயிரியல் பாடத்தோடு சேர்ந்த விடயம். பெரியவர்களாகிய நாமும் அறிந்து வைத்திருக்கலாம். ஏனென்றால் இந்தக் கதையின் மறுமுனை ஓர் அகதி முகாமில் இருக்கிறது.

எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கொழுப்பினாலான மிக மெல்லிய படை ஒன்று உண்டு. இதுவே கலமென்சவ்வு. வளவைச் சுற்றி வேலி அடைத்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஒட்சிசன் வேலிக்குள்ளால் நுழைந்துவிடும். உப்பிலுள்ள சோடியம் போன்றவற்றுக்குப் படலை வேண்டும். கலத்துக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொற்றாசியம் அதிகம். வேலி எவ்வளவு இறுக்கமானாலும் சிறிது கசியத்தான் செய்யும். அப்படியிருக்க, இரண்டு பக்கமும் ஏன் சமனாகிப் போவதில்லை? இந்தக் கேள்வி விஞ்ஞானிகளை நெடுங்காலம் அலைக்கழித்தது.

முதலில் கொப்பன்கேகனில் ஹான்ஸ் உசிங் தவளைத் தோலை எடுத்தார். 1951இல் அவரும் கார்ல் ஸெராஹ்னும் அந்தத் தோலின் இரு பக்கமும் ஒரே உப்புக் கரைசலை விட்டு அளந்து பார்த்தார்கள். மின்னழுத்த வேறுபாட்டை இல்லாமற் செய்த பின்னரும் சோடியம் உட்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அதாவது, தோல் சக்தியைச் செலவழித்து அதை இழுக்கிறது.

இழுப்பது எது? யென்ஸ் கிறிஸ்ரியான் ஸ்கௌ என்பவர் ஒரு வைத்தியர். 1947 முதல் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். விறைக்கப்பண்ணும் மருந்து நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதே அவரது ஆராய்ச்சி. அதற்காகக் கடற்கரை நண்டுகளை வாங்கி, நரம்பை எடுத்து அரைத்து, அதிலுள்ள ஒரு நொதியத்தைச் சோதித்தார். சோடியமும் பொற்றாசியமும் சேர்ந்து இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்தது! 1957இல் கட்டுரை வெளியானது. அதன் தலைப்பில் 'பம்பி' என்ற சொல்லே இல்லை, மனுசன் அவ்வளவு அடக்கம். உண்மையில் அவர் கண்டது பம்பியைத்தான். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பி. நாற்பது வருடம் கழித்து, 1997இல், இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. 2018இல் தனது 99ஆவது வயதில் காலமானார்.

இனி மற்ற முனைக்கு வருவோம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். எல்லைக்கு அருகே மேற்கு வங்காளத்திலுள்ள பொங்காவ் வைத்தியசாலையில் வாந்திபேதி நோயாளர் நிலமெல்லாம் கிடந்தனர். ஊசியால் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டொக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற கணக்கில் கரைத்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளரின் உறவினர்களே கோப்பையில் எடுத்துப் பருக்கினார்கள். முப்பது வீதமாக இருந்த இறப்பு 3.6 வீதமாகக் குறைந்தது.

இது சும்மா கைவைத்தியம் அல்ல. குளுக்கோசும் சோடியமும் குடற்கலத்துக்குள் ஒரே படலையால் சேர்ந்துதான் நுழையும் என்று றொபேட் கிறேன் 1960இல் பிராக் நகரில் விளக்கியிருந்தார். டாக்காவிலும் கல்கத்தாவிலும் நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தும் இருந்தார்கள். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு உடலின் நீரை வெளியே கொட்டச்செய்தாலும் அந்தப் படலையைப் பூட்டுவதில்லை. உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கத்தால் இரத்தத்தை நோக்கித் தள்ளுவது ஸ்கௌ கண்ட அதே பம்பி. உப்புப் போகும் வழியே தண்ணீரும் போகும். தனி உப்புத் தண்ணீர் பலன் தராததும், சீனி சேர்ந்தால் உயிர் பிழைப்பதும் இதனால்தான்.

ஊரில் ஜீவனிப் பக்கற்றைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். இங்கே குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், 'ரொஸ்கில்ட நோய்' என்று டெனிஸ்காரர் சொல்லுவினம். அப்பவும் கொடுக்க வேண்டியது இதுவே. அப்போதெக்கில் வாங்கும் தூள்தான் நல்லது. அவசரத்துக்கு, ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. கைக்குழந்தை என்றாலோ, சோர்ந்துபோனாலோ, வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.