பொக்கற் இல்லாத மேசையில் மசாகோ

கரம் எண்டதும் எங்களுக்கு வாற படம் ஒண்டுதான்: பவுடர் தூவின பலகை, நாலு மூலையிலயும் பொக்கற், ராணியை ஆர் போடுறது எண்ட சண்டை. கரம் பில்லியர்ட்ஸ் வேற சாமான். அந்த மேசையில் பொக்கற்றே இல்லை. இருக்கிறது மூன்று பந்து. கோலால் உங்கட பந்தை அடிக்க, அது மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி. 'மூன்று குஷன்' எண்ட வகையில், கடைசிப் பந்தைத் தொட முதல் உங்கட பந்து மேசை விளிம்பில் குறைஞ்சது மூன்று தரம் பட்டிருக்க வேணும். கைப்பலம் இருந்தால் மட்டும் காணாது, கோணம் தலைக்குள்ள ஓட வேணும்.

இந்த விளையாட்டில் உலகப் பட்டத்துக்காகப் போட்டியிட்ட முதல் பெண் மசாகோ கட்சுரா. 1913இல் டோக்கியோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தகப்பன் இறந்துபோக, அக்காவோடும் அத்தானோடும் இருந்தார். அத்தான் ஒரு பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்தார். பதினாலு வயதில் அங்கேயே வேலை, நேரம் கிடைக்கும்போதெல்லாம் பயிற்சி. பதினைந்து வயதில் யப்பான் பெண்கள் சம்பியன். பிறகு அந்த நாட்டின் பெரிய ஆட்டக்காரர் கின்ரே மட்சுயாமாவிடம் பழகினார். குஷன் விதி இல்லாத எளிய வகையில் ஒருமுறை பிழைவிடாமல் 10,000 புள்ளி எடுத்தார். அதுக்கு நாலரை மணித்தியாலம் பிடிச்சதாம். எனக்கு ஒரு விரிவுரைக்கே அவ்வளவு நேரம் இருக்கேலாது.

போருக்குப் பிறகு யப்பானில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு ஆடிக் காட்டினார். அவர்களில் ஒருவரை 1950இல் திருமணம் செய்து, அடுத்த வருடம் அமெரிக்கா போனார். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் உலக மூன்று குஷன் போட்டி. பட்டத்தை வென்றவர் 64 வயது வில்லி ஹொப்பே. மசாகோ ஏழாவது. பத்திரிகைகளுக்கு அவரின் ஐந்து அடி உயரமும் உடுப்பும்தான் பெரிய செய்தி. அது எரிச்சல்தான். ஆனால் இண்டைக்கு நாங்களும் 'முதல் பெண்' எண்டு ஒரு பட்டத்தைக் கொழுவிவிட்டு அவரின் ஆட்டத்தைப் பார்க்காமல் விடுகிறமே, அதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கணக்கைப் பாருங்கோ. 1952இல் ஏழாவது, 1953இல் ஐந்தாவது, 1954இல் புவெனஸ் அயர்ஸில் நாலாவது. ஒவ்வொரு வருடமும் மேல ஏறுகிறார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் விளையாட்டே படுக்கத் தொடங்கினது. ஹொப்பே 1952உடன் ஓய்வு பெற்றுவிட்டார், கூடங்களுக்குச் சனம் வாறது குறைஞ்சது, உலகப் போட்டிகள் அருகின. ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவருக்கு ஏணியே இல்லாமல் போனது. அவர் தோத்து விலகினார் எண்டு சுருக்கி எழுதுறது சரியில்லை எண்டு நான் நினைக்கிறதுக்குக் காரணம் இதுதான். மிஞ்சினது காட்சி ஆட்டங்களும் தொலைக்காட்சியும். 1961இல் ஹரல்ட் வேர்ஸ்டுடன் பட்டத்துக்காக மோதித் தோத்தார். அதோட அவரைப் பொதுவில் காணக் கிடைக்கவில்லை.

பிறகு யப்பானுக்கே திரும்பினார். 1995இல் இறந்தார். அதுக்கிடையில் ஒரு நாள், 1976இல், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் வந்தார். ஆரிட்டயோ ஒரு கோலை இரவல் வாங்கினார். பிழையே விடாமல் 100 புள்ளி எடுத்தார். சிரிச்சுக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியில போயிட்டார்.