இயல்பான படமும் இரைக்கும் மூச்சும்: கொரோனாவுக்குப் பின் நுரையீரல் படங்களை வாசித்தல்

கொரோனா தணிந்து பல மாதங்கள் ஆன பின்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவர்களில் பலருடைய சி.டி. படம் மாசின்றி இருக்கிறது. நுரையீரல் இயல்பாக உள்ளது என்ற அறிக்கையோடு அவர்கள் வீடு திரும்புகிறார்கள். மூச்சிரைப்பு மட்டும் குறையவில்லை. இந்த முரணுக்கு மருத்துவ உலகில் இரண்டு எதிர்வினைகள் உண்டு. ஒன்று, படத்தை நம்பி நோயாளியின் சொல்லை ஐயுறுவது. மற்றொன்று, இன்னும் நுட்பமான கருவி வந்தால் கோளாறு பிடிபட்டுவிடும் என்று காத்திருப்பது. மூச்சிரைப்பு உண்மையா என்பதைப் படமே தீர்மானிக்கும் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடிப்படை. செனான் வாயு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளை முன்வைத்து இக்கட்டுரை அந்த எண்ணத்தை மறுக்கிறது. ஒவ்வொரு படமுறையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கே விடை தரும். கேள்வியை வகுக்காமல் எடுத்த படம், இயல்பாக இருந்தாலும் பிறழ்ந்திருந்தாலும், காரணத்தைச் சொல்லிவிடாது.

சி.டி. அளப்பது எதை?

2021இன் இரண்டாம் அலையில் ‘சி.டி. ஸ்கோர்’ தமிழகத்தின் வீட்டுப் பேச்சிலேயே புழங்கியது. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 புள்ளிகள், மொத்தம் 25. அழற்சி எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கிறது என்பதற்கான மதிப்பீடு அது. நோய் முற்றியிருந்த நாட்களில் அதற்குப் பயன் இருந்தது. மாதங்கள் கழித்து நீடிக்கும் மூச்சிரைப்பை விளக்குவதற்காக அது உருவானதல்ல.

நோய்க்குப் பின் சி.டி. நன்கு காட்டக்கூடியது தழும்பு. வூஹானில் கடுமையான நிமோனியாவிலிருந்து மீண்ட 114 பேரை ஆறு மாதம் கழித்துப் படமெடுத்தபோது 40 பேரிடம் நார்த்தழும்பு போன்ற மாற்றங்கள் காணப்பட்டன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 11 விழுக்காடு வரையிலானோரிடம் எஞ்சிய நுரையீரல் மாற்றங்கள் இருக்கலாம் என்று பிரிட்டனின் யு.கே.ஐ.எல்.டி. ஆய்வு மதிப்பிட்டது. இத்தகையவர்களைக் கண்டறிய சி.டி.க்கு நிகரான கருவி இல்லை.

ஆனால் மூச்சின் வேலை நடக்கும் இடம் சி.டி.யின் பார்வைக்கு எட்டாதது. காற்றுநுண்ணறை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அதன் காற்றையும் தந்துகியின் குருதியையும் பிரிக்கும் சவ்வின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அச்சவ்வு சற்றே தடித்தாலும், தந்துகிகளில் குருதியோட்டம் குன்றினாலும், சி.டி.யில் எந்த நிழலும் விழாது. ஆகவே தெளிந்த படம் நிறுவுவது ஒன்றைத்தான்: கண்ணுக்குப் படும் அளவில் அமைப்பு குலையவில்லை. வாயுப் பரிமாற்றம் செவ்வனே நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

செனான் திறந்த வழி

அந்தக் கேள்வியை நோக்கித் திரும்பிய படமுறைதான் செனான் எம்.ஆர்.ஐ. சாதாரண எம்.ஆர்.ஐ. நீர்மூலக்கூறுகளின் ஹைட்ரஜனை நம்பியிருப்பது. காற்று நிறைந்த நுரையீரலில் அதற்குப் பற்றுக்கோடு குறைவு. லேசர் ஒளியைக் கொண்டு ருபீடியம் ஆவி வழியாகச் செனான்-129 அணுக்கருக்களின் சுழற்சியை ஒருமுகப்படுத்தினால், வாயுவின் சமிக்ஞை பல்லாயிரம் மடங்கு பெருகும். 1994இல் எலியின் நுரையீரலைக் கொண்டு இதன் முதல் உயிரியல் படங்கள் வெளியாயின.

இம்முறையின் தனிச்சிறப்பு, செனான் குருதியில் கரைவது. சவ்வுக்குள் புகுந்ததும் அதன் அதிர்வெண், வாயுநிலையிலிருந்து பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 200 பங்கு விலகுகிறது. சிவப்பணுவுக்குள் சேர்ந்தால் மேலும் 20 பங்கு அளவுக்கு விலகுகிறது. எனவே வாயுவை உள்ளிழுத்துச் சில விநாடிகள் மூச்சைப் பிடித்திருக்கும்போதே, காற்றறையில் எவ்வளவு, சவ்வில் எவ்வளவு, சிவப்பணுவில் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிடலாம். சிவப்பணுவின் பங்குக்கும் சவ்வின் பங்குக்கும் உள்ள விகிதமே வாயுப் பரிமாற்றத்தின் அளவுகோல். கதிர்வீச்சு இல்லாததால் சோதனையைத் திரும்பச் செய்யவும் தடையில்லை.

ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் பங்கேற்று 2022இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. மருத்துவமனையில் சேராமலே நீள்கொரோனாவுக்கு, அதாவது தொற்று தணிந்த பின்னும் நீடிக்கும் அறிகுறிகளுக்கு, ஆளான 11 பேர், சேர்ந்து மீண்ட 12 பேர், நலமுள்ள 13 பேர் ஒப்பிடப்பட்டனர். முதல் குழுவினரின் சி.டி. இயல்பாகவோ ஏறக்குறைய இயல்பாகவோ இருந்தது. செனான் விகிதமோ நலமுள்ளவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. இயல்பான சி.டி.யைக் காட்டி நோயாளியின் சொல்லைத் தள்ளுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதை இம்முடிவு உறுதிப்படுத்தியது.

மறுபக்கப் பிழை

இதே முடிவிலிருந்து எதிர்த்திசையில் நெடுந்தூரம் போய்விடும் ஆபத்தும் உண்டு. மூச்சிரைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நான்கு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, குழு சிறியது. நோய்க்கு முந்தைய செனான் படம் எவரிடமும் இல்லை. குறைவு வைரஸால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதைத் தனியாளின் படம் சொல்லாது. இரண்டாவது, குறைவும் மூச்சிரைப்பும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் விளைவாகிவிடாது. மருத்துவமனையிலிருந்து மீண்ட 259 பேரைப் பல உறுப்பு எம்.ஆர்.ஐ.க்கு உட்படுத்தி 2023இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நெஞ்சு இறுக்கமும் இருமலும் நுரையீரல் மாற்றங்களோடு பொருந்தின. எல்லா அறிகுறிகளும் அப்படிப் பொருந்தவில்லை.

மூன்றாவது, அந்த விகிதத்தின் ஒரு கூறு சிவப்பணு. ஹீமோகுளோபின் குறைந்தவரிடம், நுரையீரல் பழுதில்லாமலே விகிதம் தாழலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்தியாவில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழகத்தில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. இரத்தசோகையே மூச்சிரைப்பைத் தரவல்லது. பிரிட்டனில் சிறு திருத்தமாக முடியும் ஒரு காரணி, இங்கே முடிவையே புரட்டிவிடலாம். கார்பன் மோனாக்சைடைக் கொண்டு பரிமாற்றத் திறனை அளக்கும் பழைய சோதனையில் ஹீமோகுளோபின் திருத்தம் செய்வது இதனால்தான்.

நான்காவது தடை சட்டம் சார்ந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் இம்முறைக்கான செனானை அங்கீகரித்தது, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நுரையீரலில் காற்றுப் பரவலை மதிப்பிடுவதற்காக. நீள்கொரோனா விவாதத்தின் மையமான வாயுப் பரிமாற்ற விகிதம் அந்த அங்கீகாரத்துக்குள் வரவில்லை.

நுரையீரலுக்கு வெளியே

மூச்சிரைப்பு ஓர் உணர்வு. மூளை சுவாசத் தசைகளுக்கு விடுக்கும் கட்டளைக்கும், நெஞ்சிலிருந்து திரும்பிவரும் தகவலுக்கும் இடையே இசைவு குலையும்போது அது எழுகிறது. அந்தக் குலைவு நுரையீரலில் மட்டுமே தொடங்க வேண்டியதில்லை. பாஸ்டனில் டேவிட் சிஸ்ட்ரமின் குழு, இதயத்திலும் தமனியிலும் குழாய் செலுத்தி உழைப்புச் சோதனை நடத்தியபோது, நீள்கொரோனா நோயாளிகளின் உடல், குருதியிலுள்ள ஆக்சிஜனைப் போதிய அளவு எடுத்துக்கொள்ளாததைக் கண்டது. தசை நலிவு, இதயக் கோளாறு, தாறுமாறான சுவாசப் பழக்கம் ஆகியவையும் மூச்சிரைக்க வைக்கும். இவற்றுக்கு எந்த நுரையீரல் படத்திலும் விடை கிடைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறையும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளையே நீள்கொரோனா என்கிறது. வேறு நோய்களைத் தேடுவது அந்த வரையறைக்குள்ளேயே அடங்கிய கடமை.

நோயாளிகள் தரப்பின் வாதம் ஒன்றுக்கு இங்கே மறுமொழி தேவை: படத்தில் ஏதேனும் தெரிந்தால்தான் மருத்துவரும் வேலை தருபவரும் நம்புகிறார்கள் என்பது. இது அனுபவத்தில் விளைந்த வாதம். ஆயினும் நம்பிக்கையைப் படத்தோடு கட்டிவிட்டால், செனான் படமும் தெளிவாக வரும் நோயாளி முன்னைவிட நிராதரவாகிவிடுவார். சொல்லை நம்புவது விசாரணையின் தொடக்கம். படத்தின் வேலை அதற்குப் பிறகே வருகிறது.

வரிசையும் அறிக்கையும்

செனான் எம்.ஆர்.ஐ. கைக்கு எட்டாத இடங்களிலும் கேள்விகளை வரிசைப்படுத்த இயலும். நோய் வரலாறு, ஹீமோகுளோபின், மார்பு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி, விரலில் ஆக்சிமீட்டரோடு ஆறு நிமிட நடை ஆகியவை முதற்படி. நடையில் ஆக்சிஜன் இறங்கினாலோ பரிமாற்றத் திறன் குறைந்தாலோ உயர்தெளிவு சி.டி.க்குக் காரணம் பிறக்கிறது. எஞ்சிய இரத்தக் கட்டி பற்றிய ஐயம் இருந்தால் காற்றோட்டத்தையும் குருதியோட்டத்தையும் ஒப்பிடும் கதிரியக்க ஸ்கேன். எல்லாம் இயல்பாக இருந்தும் மூச்சிரைத்தால் உழைப்புச் சோதனை. செனானுக்கு உரிய இடம் இப்போதைக்கு ஆய்வுக்களம். அங்கே அதற்கு முதல் தேவை, ஹீமோகுளோபின், வயது, பாலினம் ஆகியவற்றுக்கான திருத்தங்களோடு கூடிய இயல்பளவுகள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. ‘நுரையீரல் இயல்பு’ என்று முடியும் சி.டி. அறிக்கை, ‘அமைப்பில் மாற்றம் தென்படவில்லை, வாயுப் பரிமாற்றம் இச்சோதனையில் அளக்கப்படவில்லை’ என்று முடிய வேண்டும். அப்படி எழுதினால், அறிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கு அடுத்த சோதனையைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு வந்து சேரும்.